முதல் இடம் விலைக்குக் கிடைக்குமா?

கூகுள் தேடலில் நம் குழுவின் பொருள் முன்னால் வர நேர்மையான வழிகள்



சில மாதங்களுக்கு முன்னால் சேரன்மகாதேவி வட்டாரத்தில், தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தறியில் கோரைப் பாய் நெய்கிற குழு. சேமிப்பு வசூல் முடிந்தது, கடன் திருப்பம் முடிந்தது, கணக்கு எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. கடைசியாக ஊக்குநர் லாத்தா ஒரு கடன் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். தொகை 25,000 ரூபாய்.

"எதுக்கு லாத்தா இவ்வளவு? கோரை வாங்கவா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், வெப்சைட்டுக்கு. டவுன்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. இருபத்தஞ்சாயிரம் குடுத்தா மூணே மாசத்துல கூகுள்ல நம்மள முதல் இடத்துல கொண்டாந்து வச்சிருதேன்னு சொல்லுதாரு."

"வராட்டா?"

"கண்டிப்பா வரும்னுதான் சொல்லுதாரு."

அந்தக் குழு போன வருஷமே 12,000 ரூபாய் செலவழித்து ஒரு இணையதளம் போட்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு போன்கூட வரவில்லை. போட்ட பணம் வீணாகக் கூடாது என்றுதான் இன்னும் 25,000 போடலாம் என்று யோசித்தார்கள். குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கடன் தலையில் விழும்.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து பேசினோம். பல குழுக்கள் இப்போது இணையதளம் தொடங்குகிறார்கள். அப்பளம், கருப்பட்டி, மண்பானை, சேலை என்று விற்கிறார்கள். இதே ஆசைவார்த்தையோடு உங்கள் ஊருக்கும் யாராவது வரலாம். அதனால் அன்று பேசியதை எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

கூகுள் மாதிரி இடங்களைத் தமிழில் தேடுபொறி என்று சொல்கிறோம். நாம் "கோரைப் பாய்" என்று செல்போனில் அடித்ததும், உலகத்தில் உள்ள எல்லா இணையதளத்தையும் அது அந்த நிமிஷத்தில் போய்ப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறது. மூன்று வேலை நடக்கிறது.

முதல் வேலை, படிப்பது. ஒரு கம்ப்யூட்டர் நிரல் இரவும் பகலும் ஒவ்வொரு இணையதளமாகப் போய்ப் படிக்கிறது. ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகிறது.

இரண்டாவது வேலை, பதிவது. எந்தப் பக்கத்தில் என்ன விஷயம் இருக்கிறது என்று பெரிய அட்டவணை மாதிரி எழுதி வைத்துக்கொள்கிறது. நம்ம பேரேடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேரேட்டில் ஏறாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடலில் வராது.

மூன்றாவது வேலை, வரிசைப்படுத்துவது. ஒருவர் தேடும்போது, அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் பக்கம் நல்ல பதில் தரும் என்று பார்த்து அடுக்கிக் காட்டுகிறது. இந்த வரிசையில் மேலே வருவதைத்தான் "ரேங்க்" என்கிறார்கள்.

கூகுளை 1998-இல் தொடங்கியவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு பேர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கண்டுபிடித்த முறையை நம்ம ஊர் வழக்கத்திலேயே விளங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் பெண் எடுக்கப் போகிறோம் என்றால் என்ன செய்வோம்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். அவர்களே தங்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்ப மாட்டோம். சொல்கிறவர் யார் என்றும் பார்ப்போம். ஊரில் மதிப்புள்ள ஒருவர் சொன்னால் அதற்கு எடை கூட. அதே மாதிரி, ஒரு இணையதளத்தைப் பார்த்து மற்ற இணையதளங்கள் "இங்கே போய்ப் பாருங்கள்" என்று இணைப்புக் கொடுத்தால் அதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்வது அவர்கள் முறை. நல்ல பெயருள்ள தளம் கொடுத்த இணைப்புக்கு மதிப்பு அதிகம். இன்றைக்கு இதோடு இன்னும் எத்தனையோ விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் அடிப்படை அதுதான்.

நம்ம தரமதிப்பீடு மாதிரிதான்

வங்கிக் கடன் வாங்குவதற்கு முன்னால் நம் குழுவுக்குத் தரமதிப்பீடு நடக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். வங்கியில் இருந்து வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள்? ஒழுங்காகக் கூட்டம் நடக்கிறதா, சேமிப்பு நடக்கிறதா, உள்கடன் சுழல்கிறதா, கடன் திரும்புகிறதா, கணக்கு எழுதப்படுகிறதா என்று பஞ்ச சூத்திரம் பார்க்கிறார்கள். அதற்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஆறு மாதத் தீர்மானத்தை ஒரே பேனாவில் எழுதுகிற குழுவும் உண்டு! மதிப்பீட்டுக்கு வருகிறவருக்கு அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. ஒரு உறுப்பினரைத் தனியாகக் கூப்பிட்டு "போன மாசம் யாருக்குக் கடன் குடுத்தீங்க?" என்று கேட்டால் போதும்.

தேடுபொறியின் வரிசையும் இப்படி ஒரு தரமதிப்பீடுதான். அந்த வரிசையில் முன்னால் வர கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. பணம் கட்டினால் விளம்பரம் போடலாம். அது விளம்பரம்தான் என்பது தெரியும்படி தனியாகக் குறிப்பிட்டுத்தான் வரும். பணம் கட்டுவதை நிறுத்தினால் விளம்பரமும் நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு. முதல் இடத்தைப் பிடித்துத் தருவதாக யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டியதும் ஒரு அக்கா கேட்டார், "அப்போ அந்தாளு எப்படி மேடம் அடிச்சுச் சொல்லுதான்?"

குறுக்கு வழிகள் என்னென்ன?

அவர் கொடுத்துவிட்டுப் போன தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த வேலைகளை எளிமையாகச் சொல்கிறேன்.

"பாய், கோரைப் பாய், பாய் விலை, நல்ல பாய்" என்று ஒரே சொல்லை நூறு தடவை பக்கத்தில் திணிப்பது. வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதுவது மாதிரி, பார்க்கிற மனுஷர் கண்ணுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் மட்டும் படிக்கும்படி சொற்களை ஒளித்து வைப்பது. மற்ற தளங்களில் இருந்து இணைப்புகளை விலைக்கு வாங்குவது. கூட்டத்துக்குக் காசு கொடுத்து ஆள் கூட்டுகிறார்களே, அந்த மாதிரி. அடுத்தவர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுவது. வாங்காதவர்கள் பெயரில் "அருமையான பாய், ஐந்து ஸ்டார்" என்று பாராட்டு எழுத வைப்பது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் இருநூறு பக்கம் எழுதிக் குவிப்பது.

இதெல்லாம் கொஞ்ச நாள் வேலை செய்யலாம். பிறகு பிடிபடும். பெரிய கம்பெனிகளே பிடிபட்டிருக்கின்றன.

2006-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கார் கம்பெனி, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனுஷருக்கு வேறு பக்கமும் காட்டியது. கூகுள் அதன் ஜெர்மன் இணையதளத்தைப் பேரேட்டில் இருந்தே நீக்கியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். 2011-இல் அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைக்கு என்ன நடந்தது என்றால், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருந்து அதற்கு இணைப்பு வைத்திருப்பதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. அதுவரை துணி, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடை முதலில் வந்துகொண்டிருந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் ஒரு பயணப் பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்தது இரண்டு மணி நேரத்துக்குள் 71-ஆவது இடத்துக்குப் போய்விட்டது. அதே 2011-இல் சரக்கில்லாத பக்கங்களையும், 2012-இல் விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் வடிகட்டும்படி கூகுள் தன் முறையையே மாற்றியது. ஆட்களை ஏமாற்றி வரிசையில் ஏறுவதற்காகவே மொத்தமாக எழுதிக் குவிக்கும் பக்கங்களுக்கு 2024-இல் தனியாகத் தடை விதி வந்தது.

பெரிய கம்பெனிக்கு அடி விழுந்தால் வக்கீல், என்ஜினியர் எல்லாம் வைத்துச் சரிபண்ணிக்கொள்ளும். பன்னிரண்டு பேர் சேர்ந்து கடன் வாங்கிப் போட்ட தளம் விழுந்தால் யார் தூக்கிவிடுவார்கள்? ஏஜெண்டு அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

பொய்ப் பாராட்டு விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துக்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தர நெறியே வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நடவடிக்கை உண்டு.

"பத்தமடை" என்று எழுதலாமா?

அன்றைய கூட்டத்தில் கஷ்டமான கேள்வி இதுதான். அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. தளத்தின் தலைப்பில் "அசல் பத்தமடைப் பட்டுப் பாய்" என்று போட வேண்டுமாம். ஏனென்றால் ஜனங்கள் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்கள்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தமடைப் பாய்க்கு உலகப் பெயர். ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெலிசாகக் கிழித்து, பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு ஓட்டி நெய்வார்கள். துணி மாதிரி மடிக்கலாம். மாப்பிள்ளை பெண் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாயும் அங்கே பிரசித்தம். நம்ம குழு நெய்வது அது இல்லை. இவர்களுடையது முரட்டுக் கோரையில், தறியில் ஓட்டும் அன்றாடப் பாய். நல்ல பாய்தான், படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பட்டுப் பாய் அல்ல.

"எங்க உம்மா வீடு பத்தமடைதான் மேடம். நான் அங்கதான் பாய் பின்னப் படிச்சேன். பேரு போட்டா என்ன தப்பு?" என்று ஒரு லாத்தா கேட்டார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. பிள்ளை படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம் அவருக்கு முன்னால் நிற்கிறது.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதாவது, அந்தப் பெயர் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட முறையில் செய்கிற பொருளுக்கு மட்டும் உரியது என்று மத்திய அரசின் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பட்டுப் பாய்க்காக வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கோரை கிழிக்கிறவர்களும் நம்மைப் போல பெண்கள்தான். அந்தப் பெயரில் முரட்டுப் பாயை வாங்கி ஏமாந்தவர் அடுத்த தடவை அவர்களிடமும் வாங்க மாட்டார். இதைச் சொன்னதும் அந்த லாத்தாவே "அது வேண்டாம். நம்ம பாய நம்ம பாய்னே சொல்லுவோம்" என்றார். "அப்போ நம்மள யாரு தேடுவா?" என்று இன்னொருவர் கேட்டார். இதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி.

நேர்மையாக முன்னால் வர எட்டு வழிகள்

1. எழுத்து எழுத்தாக இருக்கட்டும். அந்தக் குழுவின் தளத்தைத் திறந்து பார்த்தோம். பாயின் பெயர், அளவு, விலை எல்லாம் நோட்டீஸ் மாதிரி அடித்து, போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். நம் கண்ணுக்கு அது எழுத்து. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி ஒரு பக்கத்தை வரிசைப்படுத்தாது. எழுதின பகுதிகூடப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. டி.டி.பி. கடையில் நோட்டீஸ் அடிக்கப் பயன்படுத்தும் எழுத்துருக்கள் பலவற்றில், வெளியே தமிழ் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துக் குப்பைதான். "பாய்" என்று தேடுகிறவருக்கு அது அகப்படவே அகப்படாது. ஒருங்குறி என்ற யூனிகோடு முறையில்தான் அடிக்க வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று செல்போனில் நாம் அடிக்கிற தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். அதனால் செல்போனில் அடித்துக் கொடுத்தாலே போதும்!

2. வாங்குகிறவர் கேட்பதை எழுதுங்கள். போனில் உங்களிடம் ஆட்கள் என்ன கேட்கிறார்கள்? எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? தண்ணீர் பட்டால் கெடுமா? பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது? சாயம் ஒட்டுமா? சென்னைக்கு அனுப்ப எத்தனை நாள்? ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வரி பதில் எழுதினால் அதுவே நல்ல பக்கம். இதை ஊரில் வேறு யாரும் உங்களை விட நன்றாக எழுத முடியாது. கோரையைத் தொட்டே பார்க்காதவர் எழுதுவதற்கும் முப்பது வருஷம் நெய்தவர் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியும்.

3. ஜனங்கள் தேடுகிற சொல்லில் எழுதுங்கள். "இயற்கை நார்த் தரைவிரிப்பு" என்று எழுதினால் யார் தேடப் போகிறார்கள்? கோரைப் பாய் என்றே எழுதுங்கள். வெறும் "பாய்" என்ற சொல்லில் பெரிய கடைகளோடு போட்டி போட முடியாது. "குழந்தைக்குச் சின்னக் கோரைப் பாய்", "பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாகக் கோரைப் பாய்", "திருநெல்வேலியில் கோரைப் பாய் நெய்யும் இடம்" என்று குறிப்பாகத் தேடுகிறவர்கள் குறைச்சல். ஆனால் அவர்கள் வாங்குவதற்காகவே தேடுகிறவர்கள். திருநெல்வேலி என்றும் நெல்லை என்றும் இரண்டு விதமாகவும் தேடுவார்கள். பேசுகிற வாக்கியத்திலேயே இரண்டும் இயல்பாக வரட்டும், திணிக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் இருப்பது நல்லது.

4. ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியான தலைப்பு. அந்தத் தளத்தில் ஆறு பக்கத்துக்கும் "முகப்பு" என்றே தலைப்பு இருந்தது. ஆறு பானையிலும் "பானை" என்று எழுதி வைத்தால் மிளகாய் எது, மல்லி எது என்று எப்படித் தெரியும்? தேடல் முடிவில் முதலில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான்.

5. படத்துக்குக் கீழே விளக்கம். "படம் 1" என்று விடாமல் "சிவப்புக் கரை போட்ட ஆறடிக் கோரைப் பாய்" என்று படத்தோடு எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பார்வையற்றவர்களின் செல்போன் அந்த விளக்கத்தைத்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டும். தேடுபொறியும் அதைப் படித்துத்தான் படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்கிறது. ஒரே வேலையில் இரண்டு பேருக்கும் உதவி.

6. செல்போனில் சீக்கிரம் திறக்கணும். இன்றைக்கு ஆட்கள் தேடுவது செல்போனில்தான். 2015-இல் இருந்தே, செல்போனில் ஒழுங்காகத் தெரிகிற பக்கங்களுக்குச் செல்போன் தேடலில் கூகுள் முன்னுரிமை தருகிறது. பெரிய பெரிய போட்டோக்களைச் சுருக்கிப் போட வேண்டும். முகவரிப் பக்கம் பூட்டுப் போட்ட பாதுகாப்பான முகவரியாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி: சிக்னல் குறைவாக உள்ள உங்கள் ஊரில் நின்று திறந்து பாருங்கள். உங்களுக்கே பொறுமை போனால் வாங்க வருகிறவருக்கும் போய்விடும்.

7. நற்சான்றைச் சம்பாதியுங்கள். மாவட்டக் கண்காட்சியில் கலந்துகொண்டால் அதை நடத்துகிறவர்களின் தளத்தில் உங்கள் பெயரும் முகவரியும் வரும்படி கேளுங்கள். உங்களிடம் மொத்தமாக வாங்கும் கடை, பள்ளி, நம் கூட்டமைப்பு ஆகியோரின் தளத்தில் இருந்து ஒரு இணைப்புக் கேட்பதில் தப்பே இல்லை. உண்மையான உறவு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ஆயிரம் இணைப்பை விட இந்த நாலு இணைப்புக்கு ஆயுசு அதிகம்.

8. கூகுள் மேப்பில் பதியுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற பதிவு முழுக்க இலவசம். குழுவின் பெயர், வேலை செய்யும் இடம், போன் நம்பர், நேரம், படங்கள் எல்லாம் போடலாம். கூகுள் சரிபார்த்த பிறகு, பக்கத்தில் தேடுகிறவர்களுக்குக் காட்டும். வாங்கினவர்களிடம் "எப்படி இருந்ததுன்னு உள்ளபடி எழுதுங்க" என்று கேட்கலாம். "நல்லா எழுதினா ஐம்பது ரூபாய் தள்ளுபடி" என்று சொல்லக் கூடாது, விதிப்படி தப்பு. குறை சொல்லி யாராவது எழுதினால் சண்டைக்குப் போகாமல், என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று பதில் எழுதுங்கள். அதையும் மற்றவர்கள் படிப்பார்கள்.

2024 முதல் நம் நாட்டில் சில கேள்விகளுக்குக் கூகுள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சுருக்கமான பதிலை மேலேயே எழுதிக் காட்டுகிறது. அந்தப் பதிலும் யாரோ எழுதி வைத்த பக்கங்களில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் தெளிவாக, உண்மையாக எழுதுகிற வேலைக்கு இப்போதும் மதிப்புக் குறையவில்லை.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வெளி ஆளிடம் வேலை கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்லபடி வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தறி வாங்கும்போது பார்க்கிற அளவுக்காவது விசாரிக்க வேண்டாமா?

முதல் இடம் உறுதி என்கிறாரா? அப்போதே எச்சரிக்கை ஆகுங்கள். என்னென்ன வேலை செய்வார் என்று எழுதித் தருவாரா? "அது தொழில் ரகசியம்" என்றால் வேண்டாம். எத்தனை நாள் ஆகும் என்கிறார்? நேர்மையாகச் செய்தால் பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும் என்பது கூகுளே சொல்லும் கணக்கு.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறது என்பது ரொம்ப முக்கியம். இந்தக் குழுவில் அது ஏஜெண்டு பெயரில் இருந்தது! நிலத்துக்குப் பணம் நாம் கட்டி, பத்திரம் அவர் பெயரில் எழுதின கதைதான். முகவரி குழுவின் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு, நம் வங்கிக் கணக்குக்கு இரண்டு பேர் கையெழுத்து மாதிரி, இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

அந்தக் குழு என்ன செய்தது?

கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு உறுப்பினரின் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் லீவு நாளில் வந்து உட்கார்ந்தாள். பெண்கள் பாய் நெய்துகொண்டே வாயால் சொல்லச் சொல்ல, அவள் செல்போனில் அடித்தாள். முகவரியைக் குழுவின் பெயருக்கு மாற்றத்தான் ஒரு மாதம் அலைய வேண்டியிருந்தது.

அவர்கள் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது ஒரு பக்கம். "பட்டுப் பாய்க்கும் சாதாரணக் கோரைப் பாய்க்கும் என்ன வித்தியாசம்?" என்று தலைப்பு. கையால் தடவிப் பார்த்து, மடித்துப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுதியிருக்கிறார்கள். கடைசியில், "நாங்கள் நெய்வது சாதாரணக் கோரைப் பாய். பட்டுப் பாய் வேண்டும் என்றால் பத்தமடையில் நெய்கிறவர்களிடம் வாங்குங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். எழுதச் சொன்னது யார் தெரியுமா? உம்மா வீடு பத்தமடை என்று சொன்ன அதே லாத்தாதான். இன்னொரு வரியும் சேர்த்தார்: "மழைக்காலத்தில் கோரை காய வெயில் இல்லாததால் பாய் அனுப்பப் பத்து நாள் கூட ஆகும்." இப்படிப் போட்டால் ஆர்டர் போய்விடாதா என்று மற்றவர்கள் பயந்தார்கள். "பெறவு திட்டு வாங்குததுக்கு இது தேவல" என்றார் லாத்தா.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. "கோரைப் பாய்" என்று தேடினால் இன்னும் அவர்கள் முதல் பக்கத்தில் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வித்தியாசம் என்ன என்று தேடுகிறவர்களுக்கு அவர்கள் பக்கம் முன்னால் வருகிறது. அதைப் படித்துவிட்டு மதுரையில் இருந்து ஒரு பள்ளிக்காரர்கள் போன் பண்ணிச் சாதாரணப் பாயே மொத்தமாகக் கேட்டார்கள். "உங்ககிட்ட இல்லாததையும் இல்லன்னு எழுதியிருக்கீங்க, அதான் கூப்பிட்டோம்" என்றார்களாம். அந்த ஆர்டர் போய்ச் சேர்ந்து, பணமும் வந்துவிட்டது. கூகுளுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. வாங்குவதாக இருந்த 25,000 ரூபாய்க் கடனுக்கு வட்டியும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

நம் பொருளை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகள் என்ன? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், ஒருவர் எழுதுங்கள்.

நம் பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்து, வெளி ஆட்களுக்குத் தெரியாத விஷயம் எது?

ஏற்கெனவே தளம் இருந்தால், அதன் முகவரி யார் பெயரில் இருக்கிறது? பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். முகவரி வேறு ஆள் பெயரில் மாட்டிக்கொண்டிருக்கும் குழுக்கள் அதை முதலில் சொல்லுங்கள். மாற்றி வாங்கச் சேர்ந்து முயற்சி பண்ணலாம்.